தம்பி ஒரு வாரமாக வலிப்பு மாத்திரையை விழுங்கவில்லை. இன்றே முழு அளவில் தொடங்கலாமா?

கரையோரம் | திங்கள், இரவு 8.50

துவைப்பதற்காகத் தம்பியின் துணிகளை எடுத்தேன். சுருட்டிவைத்த காலுறை ஒன்றுக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் 14 மாத்திரைகள். எல்லாம் அவனுடைய லாமோட்ரிஜின் 100 மில்லிகிராம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். ஆனால் பொட்டலத்தில் சில மாத்திரைகளின் ஓரம் கரைந்து, பிறகு காய்ந்து, சுண்ணாம்பு போலப் பொடிந்திருந்தது. கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறான். சரியாக ஏழு நாள்.

அவனுக்கு வயது 19. கடைசி வலிப்பு வந்து 2 ஆண்டும் 2 மாதமும் ஆகின்றன. கேட்டதும் கோபப்பட்டான், பிறகு அழுதுவிட்டான். காலை மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் வகுப்பில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றனவாம். மாதக்கணக்கில் இதை யாரிடமும் சொல்லவில்லை. "எனக்குத்தான் சரியாகிவிட்டதே அக்கா, இனி எதற்கு?" என்கிறான்.

இப்போது விழுங்கச் சம்மதித்துவிட்டான். இன்றிரவே 100 கொடுத்து வழக்கம்போலத் தொடரலாமா? விட்டதை ஈடுகட்ட இரண்டாகக் கொடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வெள்ளிமீன் | திங்கள், இரவு 8.58

சகோதரி, பதறாதீர்கள். இரண்டு மாத்திரை வேண்டாம், வழக்கமான ஒன்றை இப்போதே கொடுத்துவிடுங்கள். என் அப்பா 11 ஆண்டுகளாக வலிப்புக்கு மருந்து எடுக்கிறார். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் கொடுக்க வேண்டும், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும் என்றுதான் எங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாள் கடத்துவதுதான் ஆபத்து.

மருந்துப்பெட்டி | திங்கள், இரவு 9.06

கரையோரம், மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

நான் மருந்தாளுநர். வெள்ளிமீன் சொன்னது ஒரு வேளை விட்டுப்போனவர்களுக்குப் பொருந்தும். உங்கள் தம்பி விட்டது 14 வேளை. அதுவும் லாமோட்ரிஜின். இந்த மருந்தை ஏன் முதலில் அவ்வளவு மெதுவாக ஏற்றினார்கள் என்று நினைவிருக்கிறதா? பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் நாளுக்கு 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, பிறகு படிப்படியாக மேலே. வேகமாக ஏற்றினால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுகிறது. சாதாரணத் தடிப்போடு நிற்காமல் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்குறி வரை போகலாம். வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் கொப்புளித்து உரியும் நிலை அது. உயிருக்கே ஆபத்து.

வேறு வலிப்பு மருந்து இல்லாமல் லாமோட்ரிஜின் மட்டும் எடுப்பவர்களுக்கு, உடலில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாளும் சில மணி நேரமும் ஆகும். இப்படி ஐந்து முறை பாதியாகிவிட்டால் மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வெளியேறிவிட்டது என்று பொருள். ஏழு நாளில் அந்தக் கோட்டை அவன் தாண்டியிருப்பான். அப்படித் தாண்டியவர்களுக்குப் பழைய அளவை நேராகக் கொடுப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவரைப் போல அடியிலிருந்து ஏற்ற வேண்டும். எந்த அளவில், எவ்வளவு வேகத்தில் என்பதை அவனுடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு கேள்விகள். வால்புரோயேட், கார்பமசெபைன் போல வேறு வலிப்பு மருந்து ஏதாவது எடுக்கிறானா? இந்த வாரத்தில் வழக்கத்துக்கு மாறாக எதையாவது உணர்ந்தானா? அவனிடமே கேளுங்கள்.

வெள்ளிமீன் | திங்கள், இரவு 9.10

என் பதிலை யாரும் பின்பற்ற வேண்டாம். அப்பா எடுப்பது வேறு மருந்து. எல்லா வலிப்பு மருந்துக்கும் ஒரே விதி என்று எண்ணிவிட்டேன். மன்னியுங்கள் சகோதரி.

கரையோரம் | திங்கள், இரவு 9.17

வேறு வலிப்பு மருந்து எதுவும் இல்லை. கொடுக்கவும் இல்லை, மாத்திரை என் கையிலேயே இருக்கிறது.

கேட்டேன். முதலில் "ஒன்றுமில்லை" என்றான். மீண்டும் கேட்டதும், வியாழக்கிழமை ஒருமுறையும் இன்று மதியம் ஒருமுறையும் "அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்பித் தொண்டைக்கு வந்தது, பத்து நொடியில் போய்விட்டது" என்றான். முன்பெல்லாம் பெரிய வலிப்புக்கு முன் இப்படித்தான் சொல்வான்.

இரவுப்பணி | திங்கள், இரவு 9.21

நான் நரம்பியல் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். சகோதரி, அந்தப் பத்து நொடி முன்னறிவிப்பு மட்டும் அல்ல, அதுவே ஒரு சிறிய வலிப்பு. மூளையின் ஒரு பகுதியோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். இன்று இரண்டாவது முறை வந்திருக்கிறது. காலை வரை காத்திருக்க வேண்டாம். அவனுடைய மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். கிடைக்கவில்லை என்றால் அவசரப் பிரிவுக்கு இப்போதே கூட்டிச் செல்லுங்கள். மருந்துச் சீட்டையும் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். "ஏழு நாளாக விழுங்கவில்லை" என்பதைச் சேர்ந்தவுடன் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பலர் திட்டு விழும் என்று பயந்து இதை மறைக்கிறார்கள். மறைத்தால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று நினைத்து அளவைக் கூட்டிவிடும் வாய்ப்பு இருக்கிறது. அது அவனுக்குக் கெடுதல்.

அவன் வண்டி ஓட்டக் கூடாது. தனியாக விடாதீர்கள். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம்.

போகும் வழியில் வலிப்பு வந்தால் மணியைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது கொடுங்கள், கழுத்தைச் சுற்றி இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினாலும், ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலும் ஆம்புலன்ஸ்தான்.

கரையோரம் | திங்கள், இரவு 9.26

கிளம்புகிறோம்.

நெடுவழி | செவ்வாய், காலை 6.15

இரவு முழுவதும் இந்த இழையைத் திறந்து திறந்து பார்த்தேன். கரையோரம், முடிந்தபோது ஒரு வரி எழுதுங்கள்.

காற்றாடி | செவ்வாய், காலை 7.40

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் இங்கே பயம் சற்று அதிகமாகவே ஊட்டப்படுகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் வலிப்பு இருந்தது. மூன்று ஆண்டு மாத்திரை போட்டேன், பிறகு நானாகவே ஒரு நாள் நிறுத்தினேன். நான்கு ஆண்டாக ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுவதும் மாத்திரையோடு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட ஒருவன் அதிலிருந்து வெளியே வந்தது எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பையனின் ஆசையும் அதுதான். அதைக் குற்றமாகப் பேசாதீர்கள்.

நெடுவழி | செவ்வாய், காலை 8.25

காற்றாடி, அந்த ஆசை குற்றமல்ல. எனக்கும் 18 ஆண்டுகளாக அது இருக்கிறது. ஆனால் "ஒரு நாள் நிறுத்தினேன்" என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் நானும் அதையே செய்தேன். ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கப் போனது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது செவ்வாய்க்கிழமை, தீவிர சிகிச்சைப் பிரிவின் கூரை விளக்கு. வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்ததாம், மயக்க மருந்து கொடுத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு முன் என் வாழ்நாளில் எந்த வலிப்பும் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. மூளை பல ஆண்டுகளாக ஊன்றி நின்ற கோலைச் சட்டென்று உருவிவிட்டால், பழைய நோயைவிடப் பெரியது வந்து சேரும் என்று மருத்துவர் அப்போதுதான் விளக்கினார்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் இதைப் படிக்கும் இன்னொருவர் நாளை புதன்கிழமை என்று நினைத்துவிடக் கூடாது.

மருந்துப்பெட்டி | செவ்வாய், காலை 9.10

காற்றாடிக்கு ஒரு நேர்மையான பதில் தர வேண்டும். மருந்தை நிறுத்தவே முடியாது என்பது உண்மையல்ல. பலருக்கு முடியும். 2 ஆண்டாவது வலிப்பில்லாமல் இருந்த 1,013 பேரைப் பின்தொடர்ந்து பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு 1991-இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு மருந்தை மெல்ல மெல்லக் குறைத்தார்கள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அடுத்த 2 ஆண்டில் தொடர்ந்தவர்களில் 100-க்கு 78 பேர் வலிப்பில்லாமல் இருந்தார்கள். குறைத்து நிறுத்தியவர்களில் 100-க்கு 59 பேர்.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம், இரண்டும் சரி. நிறுத்தியவர்களில் பாதிக்கு மேல் நலமாக இருந்தார்கள். நீங்கள் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். ஆனால் அந்த 59 கூட மருத்துவர் கண்காணிப்பில், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துக் கிடைத்த எண். யார் எந்தப் பக்கம் விழுவார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். எந்த வகை வலிப்பு, மூளை ஸ்கேனில் தழும்பு இருக்கிறதா, மூளையின் மின் அலை வரைபடம் (இ.இ.ஜி.) என்ன சொல்கிறது, முன்பு எத்தனை மருந்துக்குப் பிறகு அடங்கியது, இவையெல்லாம் கணக்கில் வரும். வளரிளம் பருவத்தில் தொடங்கும், கை கால் சட்டென்று துள்ளும் மயோகுளோனிக் வலிப்பு வகையில், ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு மருந்தை நிறுத்தியதும் திரும்புவது மிகவும் சகஜம். "நிறுத்த விரும்புகிறேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமை இருக்கிறது.

கரையோரம் | செவ்வாய், காலை 11.30

வீட்டுக்கு வந்துவிட்டோம். நன்றி என்ற சொல் போதாது.

அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. இரத்தம் எடுத்தார்கள், அவனுடைய மருத்துவரோடு பேசினார்கள். லாமோட்ரிஜினைப் பழைய அளவில் கொடுக்கவே கூடாது என்று அவர்களும் சொன்னார்கள். நாளை முதல் 25 மில்லிகிராமிலிருந்து தொடக்கம். அது மேலே ஏறும் வரை பாதுகாப்புக்குக் குளோபஸாம் என்ற மாத்திரை தந்திருக்கிறார்கள். தூக்கம் வரும், மாடிப்படியில் கவனம், மது தொடவே கூடாது, இதையும் நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, குறைத்துத்தான் நிறுத்துவோம் என்று எழுதியே கொடுத்தார்கள்.

இன்னொன்று. எழுத்து இரண்டாகத் தெரிவதை அவன் தானே மருத்துவரிடம் சொன்னான். காலையில் முழு அளவும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் ஏறும்போது அப்படி வரலாம், மருந்து மீண்டும் மேலே ஏறும்போது இரவில் கூடுதலாகவும் காலையில் குறைவாகவும் பிரித்துப் பார்க்கலாம், மெதுவாக வெளிவிடும் வகையும் உண்டு என்றாராம். வெளியே வந்து, "இதை நான் மார்ச்சிலேயே கேட்டிருக்கலாம்" என்றான். நாற்காலியில் அப்படியே தூங்கிவிட்டான்.

இரவுப்பணி | செவ்வாய், மதியம் 12.05

நிம்மதி. தடிப்பைப் பற்றி ஒன்று. தொடங்கிய முதல் எட்டு வாரம் தினமும் ஒருமுறை அவன் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் பார்க்கட்டும். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் இவற்றில் ஏதாவது ஒன்று தடிப்போடு சேர்ந்தால் அது அவசரம். வெறும் தடிப்பு மட்டும் வந்தாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். ஒவ்வாமை மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். இந்த எட்டு வாரத்தில் புதிய சோப்பு, புதிய வாசனைத் திரவியம் வேண்டாம். தடிப்பு எதனால் வந்தது என்ற குழப்பமாவது மிஞ்சாமல் இருக்கும்.

தும்பை | செவ்வாய், மாலை 5.45

நானும் லாமோட்ரிஜின்தான், அதனால் இந்த இழையில் ஒட்டிக்கொள்கிறேன். மூன்று ஆண்டு நலமாக இருந்தேன். மாதவிடாய்த் தொல்லைக்காக வேறொரு மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, கருத்தடை மாத்திரைக்கும் வலிப்புக்கும் என்ன தொடர்பு என்று நானும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அலுவலகத்தில் விழுந்தேன். கன்ன எலும்பில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஒரு வேளை மாத்திரைகூட நான் விட்டதில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

மருந்துப்பெட்டி | செவ்வாய், மாலை 6.30

நான் நம்புகிறேன். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக்கூடக் குறையலாம். நீங்கள் இரண்டு மாத்திரை விழுங்கினாலும் ஒன்று விழுங்கியது போலத்தான். மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்காத இடைவெளி வாரத்தில் லாமோட்ரிஜின் அளவு மறுபடி ஏறும், அப்போது தலைசுற்றும். கர்ப்ப காலத்திலும் இதேபோல் அளவு இறங்கும். அதனால்தான் அப்போது அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து அளவைக் கூட்டுகிறார்கள், பிரசவத்துக்குப் பிறகு குறைக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. கார்பமசெபைன், ஃபீனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரையே வலுவிழந்துபோகும், எதிர்பாராமல் கரு தங்கலாம்.

வால்புரோயேட் எடுக்கும் பெண்கள் இதை இரண்டு முறை படியுங்கள். கருவில் இருக்கும்போது அந்த மருந்துக்கு ஆளாகும் குழந்தைகளில் 10-க்கு 1 என்ற அளவில் பிறவிக் குறைபாடு வருகிறது. முதுகுத்தண்டு மூடாமல் போவது அதில் ஒன்று. 10-க்கு 3 முதல் 4 குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவு. கரு உருவாகிவிட்டது என்று தெரியும்போது முதுகுத்தண்டு உருவாகும் நாள்கள் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். ஆகவே பேச்சு கருத்தரிக்கும் முன்பே நடக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் பயந்துபோய் அன்றே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கட்டுக்கடங்காத வலிப்பு தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே ஆபத்து. அன்றே மருத்துவரை அழையுங்கள், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அழையுங்கள்.

தும்பை | செவ்வாய், மாலை 6.52

இந்த விளக்கத்தை மூன்று ஆண்டுக்கு முன் யாராவது ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் போதும். இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராக இருந்தாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே மருந்துப் பட்டியலை நீட்டிவிடுகிறேன்.

மருந்துப்பெட்டி | செவ்வாய், இரவு 7.05

பல் மருத்துவரிடமும் மிகச் சரி. வலிக்குக் கொடுக்கும் டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது. சிப்ரோஃபிளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் அப்படியே. கிளாரித்ரோமைசின் வேறு விதம், கார்பமசெபைனை இரத்தத்தில் தேங்கவைத்துத் தலைசுற்றலும் வாந்தியும் கொண்டுவரும். மருத்துவமனையில் ஊசியாகப் போடும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக், வால்புரோயேட் அளவை ஒன்றிரண்டு நாளிலேயே சரித்துவிடும். கேட்பதற்கு வெட்கப்படவே வேண்டாம்.

வெள்ளிமீன் | புதன், காலை 7.15

திங்கள் இரவுக்குப் பிறகு அப்பாவின் மருந்தையும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் எடுப்பது ஃபீனிட்டாயின், 300 மில்லிகிராம். போன மாதம் ஒரு வலிப்பு வந்ததால் 350 ஆக்கினார்கள். சிறிய ஏற்றம்தானே. ஆனால் பத்து நாளாகச் சுவரைப் பிடித்து நடக்கிறார், பேச்சு குழறுகிறது. வயது 67, அதனால் என்று விட்டுவிட்டோம். இது மருந்தாக இருக்குமா?

மருந்துப்பெட்டி | புதன், காலை 7.32

மருந்தாகவே இருக்கலாம். இன்றே அவருடைய மருத்துவரிடம் சொல்லி, இரத்தத்தில் ஃபீனிட்டாயின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு. இந்த மருந்தைக் கரைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. ஓர் எல்லை வரை அது ஈடுகொடுக்கும். எல்லையைத் தொட்டதும் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு மில்லிகிராமும் அப்படியே தேங்கத் தொடங்கும். அதனால் 50 என்பது இங்கே சிறிய ஏற்றமல்ல. இரத்தத்தில் அளவு இருமடங்காகக்கூட ஆகலாம். இரத்தத்தில் புரதம் குறைந்தவர்களுக்கு, முதியவர்களில் இது சகஜம், பரிசோதனை எண் சரியாகத் தெரிந்தாலும் மருந்தின் தாக்கம் அதிகமாக இருக்கும். அதையும் மருத்துவர் பார்ப்பார்.

1968-இல் ஆஸ்திரேலியாவில் ஃபீனிட்டாயின் எடுத்த பலர் திடீரென்று இப்படித் தள்ளாடத் தொடங்கினார்கள். அளவு மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. மாத்திரைக்குள் நிரப்பும் கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள், மருந்து உடலில் சேருவது கூடிவிட்டது. அட்டையின் நிறமோ மாத்திரையின் வடிவமோ மாறியிருந்தால் வாங்கும்போதே கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

வெள்ளிமீன் | புதன், இரவு 8.20

அளவு 31. மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள், மருந்தைக் குறைக்கிறார்கள். பத்து நாளாக அவரை "பார்த்து நடங்கள் அப்பா" என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

இரவுப்பணி | புதன், இரவு 8.41

அதட்டியதும் நீங்கள்தான், சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கூட்டிப்போனதும் நீங்கள்தான். குறையும் நாள்களில் கட்டிலில் இருந்து எழும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அவருக்கு ஈறு வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், இந்த மருந்தில் வரும். எலும்புக்கு வைட்டமின் டி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றாடி | வியாழன், இரவு 10.10

இரண்டு நாளாக எழுதவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். நெடுவழியின் புதன்கிழமை மனத்தை விட்டுப் போகவில்லை. எனக்கு இருந்தது எந்த வகை வலிப்பு என்பதே எனக்குத் தெரியாது. நரம்பியல் மருத்துவரிடம் நாள் குறித்திருக்கிறேன். பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்துவிட்டேன்.

நெடுவழி | வியாழன், இரவு 10.25

போய்வந்து சொல்லுங்கள். காத்திருப்பேன்.

கரையோரம் | அடுத்த திங்கள், இரவு 9.00

ஒரு வாரம். வயிற்றிலிருந்து எழும்பும் அந்த உணர்வு திரும்ப வரவில்லை. தடிப்பு இல்லை. குளோபஸாம் காரணமாகக் காலையில் எழுப்புவதுதான் பெரும்பாடு.

மாத்திரை கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். அவன் கேட்டான். தன் தொலைபேசியில் இரண்டு அலாரம் வைத்துக்கொண்டு தானே எடுக்கிறான், நாள்காட்டியில் கோடு போடுகிறான். எட்டிப்பார்க்காமல் இருப்பதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். எரிச்சல், மனச்சோர்வு, சாக வேண்டும் போன்ற எண்ணம் வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மருத்துவர் அவனிடம் தனியாகப் பேசினாராம். வலிப்பு மருந்துகள் பலவற்றுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு என்று அவனே எனக்கு விளக்கினான்.

இரண்டு சிறிய கேள்விகள். நாள்வாரியாகப் பிரித்துவைக்கும் மாத்திரைப் பெட்டி வாங்கலாமா? அந்த 14 மாத்திரைகளை என்ன செய்வது?

மருந்துப்பெட்டி | அடுத்த திங்கள், இரவு 9.24

லாமோட்ரிஜினுக்குப் பெட்டி நல்லதுதான். படிப்பவர்களில் சோடியம் வால்புரோயேட் எடுப்பவர்கள் மட்டும் அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரிக்காதீர்கள், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். அட்டையோடு கத்தரித்துப் பெட்டியில் வைக்கலாம். கார்பமசெபைனையும் குளியலறை அலமாரியில் வைக்கக் கூடாது, ஈரத்தில் அதன் வீரியம் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும்.

அந்த 14-ஐ மீண்டும் டப்பாவில் சேர்க்க வேண்டாம். மருந்துக்கடையில் கொடுங்கள், பாதுகாப்பாக அழித்துவிடுவார்கள்.

கரையோரம் | அடுத்த செவ்வாய், மாலை 6.10

கொடுத்துவிட்டோம். நான் வாசலில் நின்றுகொண்டேன், அவன்தான் உள்ளே போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தான்.